பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து மைதானத்தைப் பறிக்காதீர்கள்

கடலூர் மாவட்டப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த பெற்றோர்களே, மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களே,

வணக்கம். நான் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை. வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை. மூத்தவள் இப்போது ஒன்பதாவது முடிக்கிறாள். சின்னவன் ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குப் போகிறான். மூத்தவள் படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். குழுக் கூட்டத்தில் குடிநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், வருகைப் பதிவு என்று பேசி முடிப்பதற்குள் மணியாகிவிடுகிறது. அங்கே நிதானமாகச் சொல்ல வாய்க்காத ஒன்றை, மாவட்டம் முழுவதும் என்னைப்போல் குழுவில் இருக்கிற அப்பா அம்மாக்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளின், அதிலும் பெண் பிள்ளைகளின் விளையாட்டை நிறுத்தாதீர்கள். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள். கோடை விடுமுறையில் காலை இரண்டு மணி நேரமாவது பள்ளி மைதானத்தின் கேட்டைத் திறந்துவிடுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மாசி பிறந்தால் எங்கள் வீட்டில் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். மாசி மகத்தன்று சுற்றுவட்டார ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்து சேரும். கூட்டத்தில் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வருவோம். அந்த வாரமே சின்னவனின் பள்ளி ஆண்டு விழா ஒத்திகை தொடங்கிவிடும். பங்குனி வெயில் ஏறியதும் பண்ருட்டியில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய் வருஷத்துக்கான வடகம் போட வேண்டும். அங்கே பலாப்பழ வாசனை தெருவுக்கே வந்துவிட்டிருக்கும். முந்திரித் தோப்புப் பக்கம் போனால் பழம் பழுத்துத் தொங்கும். நடுவில் முழு ஆண்டுத் தேர்வு. அது முடிந்தால் சித்திரை முதல் நாள், வேப்பம்பூப் பச்சடி. இத்தனைக்கும் நடுவே ஒரு கால்பந்து, அது மூத்தவளுடையது.

இந்த வருஷம் மொட்டைமாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தபோது, காக்காய் விரட்டும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தேன். பழைய வேட்டியில் வரிசை வரிசையாக ஜவ்வரிசி வடகம். பக்கத்தில் சாக்பீஸால் தரையில் கணக்குச் சூத்திரங்களை எழுதிவைத்துக்கொண்டு, ஒரு கையில் குச்சியோடு, காலால் பந்தைத் தட்டித் தட்டிக் கீழே விழாமல் வைத்திருக்கிறாள். வாய் சூத்திரத்தைச் சொல்கிறது, கால் பந்தைத் தட்டுகிறது. பந்து வேட்டிப் பக்கம் ஒரு முறைகூடப் போகவில்லை. என் அம்மா கீழேயிருந்து வந்து பார்த்துவிட்டு, "இவளுக்குக் காலில்கூட மூளை இருக்கு" என்றார். அறுபது வயது தாண்டிய, பந்தைத் தொட்டே அறியாத ஒரு பெண்மணி தன் பேத்தியைப் பார்த்துச் சொன்னது அது. அதே பேத்தியிடம்தான் பள்ளியில், "அடுத்த வருஷம் டென்த், இனிமே பந்தை மூட்டை கட்டி வை" என்று சொல்கிறோம்.

சின்னவனைப் பற்றி ஓரிரு வரி. ஆண்டு விழாவில் ஒயிலாட்டம் ஆடினான். ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து ஒரு டிபன் பாக்ஸ் வாங்கினான். ஆறாவதிலும் அதில்தான் சாப்பாடு எடுத்துப்போவேன் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். அவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பள்ளி கேட்டை மூடினால் அவனுக்குத் தெரு இருக்கிறது, தெருமுனையில் காலி மனை இருக்கிறது, சாயங்காலம் ஏழு மணி வரை கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. வளர்ந்த பெண் பிள்ளைக்கு அந்தத் தெருவும் காலி மனையும் கிடையாது. எட்டாவது வரை அதே மனையில் தம்பியோடு ஆடியவள்தான் அவள். பிறகு ஒரு நாள் எதிர்வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, "பெரிய பொண்ணாயிட்டா இல்ல" என்றார். அதன் பிறகு அவளே அந்தப் பக்கம் போவதில்லை. பையன்களுக்குப் பள்ளி மைதானம் பல இடங்களில் ஒன்று. எங்கள் தெருப் பெண் பிள்ளைகளுக்கு இருக்கிறதே அது ஒன்றுதான்.

அவளுடைய பள்ளிக் கால்பந்து டீம் இந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே, பக்கத்துப் பள்ளிகளோடு ஆடும் குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குப் போனது. அரையிறுதியில் டைபிரேக்கரில் தோற்றார்கள். இவள் அடித்தது கோலாகிவிட்டது, ஆனாலும் தோற்றுவிட்டோமே என்று வீட்டுக்கு வந்து அழுதாள். அடுத்த வருஷம் இன்னும் முன்னே போகலாம் என்று பி.டி. மிஸ் தேற்றி அனுப்பியிருக்கிறார். மறுநாளே பழைய பஸ் ஸ்டாண்டு அருகே செருப்பு தைக்கும் பெரியவரிடம், வாய் பிளந்த ஸ்டட் ஷூவைக் கொடுத்து நைலான் நூலில் தைத்து வாங்கிவந்தாள். புதுசு வாங்கித் தருகிறேன் என்று அவள் அப்பா சொல்லியும், "இது காலுக்குப் பழகிடுச்சுப்பா" என்றுவிட்டாள்.

தை மாதம் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அந்த வாரத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் பி.டி. பீரியட் இல்லை. அவர்களுடைய டைம்டேபிளில் இருந்ததே வாரத்துக்கு இரண்டு. ஒன்று கணக்குக்கு, ஒன்று அறிவியலுக்கு. பத்தாம் வகுப்புக்கு ஆடியிலேயே எடுத்துவிட்டார்களாம். மாலையில் சிறப்பு வகுப்பு. ஆகவே பயிற்சியும் இல்லை. இது எங்கள் பள்ளியில் மட்டும் நடப்பதில்லை என்று தெரியும். மாவட்டத்தில் எந்த ஊர்ச் சொந்தக்காரரிடம் பேசினாலும் இதே கதைதான். தேர்ச்சி விகிதத்துக்காகத் தலைமையாசிரியர்களுக்கு மேலிருந்து வரும் நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஆனால் நம் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை நாம்தான் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் கடலூரில் மைதானம் என்பதே கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் பாதி நாள் தண்ணீர் நிற்கும், மீதி நாள் சேறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருக்கெடுத்து ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போதெல்லாம் பள்ளிக்கூடங்கள் நிவாரண முகாம்களாகிவிடும். தண்ணீர் வடிந்து, மண் இறுகி, பனி விலகி, பிள்ளைகள் ஓடுகிற பதத்துக்குத் தரை வருவது தையில்தான். தை, மாசி, பங்குனி. சித்திரைக்கு மேல் வெயில். ஆக வருஷத்தில் நல்ல ஆட்டத்துக்கென்று நமக்குக் கிடைப்பது அந்த மூன்று மாதம். சரியாக அந்த மூன்று மாதத்தைத்தான் திருப்புதல் தேர்வுக்கென்று எடுத்துக்கொள்கிறோம். மழை மூன்று மாதத்தை எடுக்கிறது, நாம் அடுத்த மூன்று மாதத்தை எடுக்கிறோம். பிள்ளை எப்போதுதான் ஆடுவாள்?

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை என்பதால் சொல்கிறேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில்தான் சேர்க்கை. பத்தாம் வகுப்புக்கு நேரடிச் சேர்க்கை இல்லை. தேர்வுப் போட்டிகள் கோடையில் நடக்கும். எட்டாவது முடித்து ஒன்பதாவதில் சேர முடியாமல் போன பிள்ளைக்கு அடுத்த வாசல் பதினொன்றாம் வகுப்பு. அந்த வாசலுக்குப் போகிறபோது அவள் பத்தாம் வகுப்பு முழுக்கப் பந்தைத் தொடாமல் இருந்திருக்கிறாள். ஒரு வருஷம் ஓடாத கால், வெயிலில் முதல் நாளே ஓட்டத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அங்கே தேர்வாளர் என்ன பார்ப்பார்? "இந்தப் பெண்ணுக்கு உடல் தகுதி இல்லை" என்று எழுதுவார். அவளுக்குத் திறமை இல்லை என்று அவளே நம்பிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். எங்கள் தெருவில் இப்படித் திரும்பிவந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இன்றைக்கு அவள் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறாள். நின்று வேலை பார்ப்பதில் இழிவு இல்லை. அவள் ஓடுவதைப் பார்த்தவள் நான், அதனால் மனசு கேட்பதில்லை.

கடலூர்ப் பெண்களுக்குக் கால்பந்து வராது என்று யாரும் சொல்ல முடியாது. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். இந்திய அணியின் முன்களத்தில் ஆடிய சந்தியா ரங்கநாதன் நம் பண்ருட்டி. சீனியர் பெண்கள் தேசிய சாம்பியன் பட்டம் என்றாலே மணிப்பூர் என்று இருந்த காலத்தில், 2018-இல் தமிழ்நாடு அதே மணிப்பூரை இறுதிப் போட்டியில் வென்று முதல் முறையாகக் கோப்பையைக் கொண்டுவந்தது. 2023-இல் மறுபடியும் வென்றது. நம் மண்ணில், நம் மணலில் ஓடிப் பழகிய பெண்கள் நாட்டுக்காக ஆடியிருக்கிறார்கள். வெள்ளி கடற்கரையில் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். கணுக்கால் புதையும் மணலில் ஓடும் பெண் பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்களில் பத்தாம் வகுப்பு படிக்கிறவர் யாரென்று கேட்டால் மட்டும் பதில் வராது.

எல்லாப் பிள்ளையும் இந்துமதி ஆகப்போவதில்லை, என் மகளும் ஆவாள் என்று நான் சொல்லவில்லை. மாவட்டப் போட்டிக்கு அப்பால் அவள் போகாமலே போகலாம். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு வேண்டும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிஷம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்தாம் வகுப்புக்கு இதில் விலக்கு எதுவும் அவர்கள் கொடுக்கவில்லை. நான் வீட்டில் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். பயிற்சி இருந்த நாட்களில் முட்டி வரை மண்ணோடு வருவாள், குளிப்பாள், சாப்பிடுவாள், ஏழு மணிக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் ஒன்பதரைக்கு எழுந்திருப்பாள், படுத்ததும் தூங்கிவிடுவாள். பயிற்சி நின்ற பிறகு ஐந்தரைக்கே புத்தகத்தைத் திறக்கிறாள். எட்டு மணிக்குப் பார்த்தாலும் அதே பக்கம். ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறாள். தம்பி எதிரில் வந்தாலே எரிச்சல். கூடக் கிடைத்த நேரம் படிப்பாக மாறவில்லை.

"விளையாட்டு சோறு போடுமா" என்று கேட்கிற அப்பாக்களுக்கு: தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவுக்கென்று தனி இடங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழைத்தான் அங்கே பார்க்கிறார்கள். ஒன்பதாவதில் நிறுத்திய பிள்ளையிடம் அந்தச் சான்றிதழ் எப்படி இருக்கும்? வேலைக்காக மட்டும் விளையாட வேண்டும் என்று நான் நினைப்பவள் இல்லை. கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, பி.டி. பீரியடைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் பீரியடை விளையாட்டுக்குக் கடன் கொடுங்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள், செய்தித்தாளில் வந்தது. மேடையில் சொன்னது பள்ளி டைம்டேபிளில் ஏற வேண்டுமானால், பள்ளிக்குள் இருக்கிற ஒருவர் எழுதிவைத்தாக வேண்டும். அந்த ஒருவர் நாம்தான் என்பது என் எண்ணம்.

2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்கிறது. குழுவில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது நம் பொறுப்பு. எட்டாம் வகுப்பு வரைக்கான அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருட்களும் பள்ளிக்குக் கட்டாயம் என்று இருக்கிறது. சமக்ர சிக்ஷா என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருட்களுக்கென்று ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 வரை ஒதுக்க வழி இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு அது வந்ததா, எதற்குச் செலவானது என்று கூட்டத்தில் கேளுங்கள். கேட்பது சண்டை ஆகாது. புதுப் பந்து பீரோவுக்குள் உறையோடு இருக்க, பிள்ளைகள் தையல் விட்ட பந்தை உதைத்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தொலைந்துவிட்டால் யார் பொறுப்பு என்ற பயம்தான் காரணம். பொறுப்பைக் குழு ஏற்றுக்கொள்கிறது என்று பதிவேட்டில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பயம் போய்விடும்.

உடற்கல்வி ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் அத்தனை வகுப்புக்கும் ஒரே ஒருவர். அவருக்குப் பிரேயர், ஒழுங்கு, பஸ் பாஸ், தேர்வு மேற்பார்வை, விழா ஏற்பாடு எல்லாம் தலைமேல். பி.டி. மிஸ் விசில் ஊதுகிற நேரத்தைவிட விண்ணப்பம் சரிபார்க்கிற நேரம் அதிகம். இந்த வேலைகளில் பெற்றோர் பங்கு எடுத்துக்கொள்ளக்கூடியவை உண்டு. பஸ் பாஸ் படிவங்களை அடுக்கிக் கொடுக்க, விழாவுக்கு நாற்காலி போட நாம் போகலாம். அவரை மைதானத்துக்கு விட்டுவிடலாம்.

கடைசியாகச் சொல்லப்போவது மிக முக்கியமானது, கூட்டத்தில் பேசக் கூச்சப்பட்டு யாரும் பேசாதது. விடுமுறை நாளில் சில பள்ளிகளில் மைதானத்தைத் திறந்துவிடுகிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் கழிப்பறை பூட்டியே இருக்கிறது. அதனால் பெண் பிள்ளைகள் காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பயிற்சிக்கு வருகிறார்கள். பாட்டிலில் தண்ணீர் இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பும் வரை தொடுவதில்லை. பங்குனி சித்திரையில், கடலோரப் புழுக்கத்தில், ஒன்றரை மணி நேரம் ஓடுகிற பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பது அம்மாக்களுக்குத் தெரியும். என் மகளின் டீமில் ஒரு பெண் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். வெயில் என்று எல்லோரும் சொன்னார்கள். காரணம் வெயில் மட்டும் இல்லை என்பதை அந்தப் பிள்ளைகள் என்னிடம்தான் சொன்னார்கள். மாதவிலக்கு நாட்களில் பாதிப் பேர் வருவதே இல்லை, அதற்கும் இதே பூட்டுதான் காரணம். ஒரு சாவி, ஒரு வாளி தண்ணீர், ஒரு குப்பைத் தொட்டி. இதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம்.

ஆகவே, புதிய கல்வியாண்டுக்கு டைம்டேபிள் போடுவதற்கு முன் நடக்கும் குழுக் கூட்டத்தில், பத்தாம் வகுப்புக்கும் வாரம் இரண்டு பி.டி. பீரியட் மார்ச் வரை தொடரும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாலைச் சிறப்பு வகுப்பு கட்டாயம் என்றால், வாரத்தில் இரண்டு நாளாவது அதை அரை மணி நேரம் தள்ளித் தொடங்கச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை மைதானமும், கூடவே கழிப்பறையும் திறந்திருக்கட்டும். கத்திரி வெயில் நாட்களில்கூட எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டால் தாங்கும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைகாலப் பயிற்சி முகாம் கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் நடக்கும்போது நகரத்துப் பிள்ளைகள் அங்கே போய்விடலாம். குறிஞ்சிப்பாடியிலும் புவனகிரியிலும் இருக்கிற பிள்ளை பஸ் பிடித்து வந்து போக முடியாது, அவளுக்கு அவள் ஊர்ப் பள்ளிதான்.

காலையில் யார் நின்று பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வரும். அம்மாக்கள் முறைவைத்து நிற்கலாம். எங்கள் பள்ளியில் முதல் வாரம் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். சாவியை என்னிடம் கொடுத்தால் ஐந்தே முக்காலுக்குத் திறந்து, எட்டு மணிக்குப் பூட்டி, கழிப்பறையைக் கழுவிவிட்டு, சாவியை வாட்ச்மேன் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். இரண்டாம் வாரத்துக்கு என் மகளோடு ஆடும் இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார்கள். உங்கள் பள்ளியிலும் அப்படி நிற்க ஆள் இருப்பார்கள், கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு முடிக்கும் ஒரு மாணவியின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்